எமரன்சிக்கு வந்த தனிப்படகு

கடலைத் தாண்டி, அதற்கும் அந்தப் பக்கம் இருக்கிற கடலையும் தாண்டி, கரீபியன் தீவு ஒன்றிலிருந்து ஒரு சொகுசுப் படகு எங்கள் தாழைமுனைக்கு வந்து எமரன்சியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது மீன்பிடித் தடைக்காலத்தில் என்பதால் ஊரின் ஆண்கள் எல்லாரும் வேலையில்லாமல் கரையில் இருந்தார்கள், வேலையில்லாத ஆண்களுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதால் அந்தப் படகைப் பற்றிப் பேசாத வாய் அந்த நாட்களில் எங்கள் ஊரில் இல்லை. அது எப்படி இவ்வளவு தூரம் வரும் என்று கேட்டவர்கள் குறைவு. வந்தால் எங்கே கட்டுவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

எமரன்சியின் புருஷன் கஸ்பார் அந்தத் தீவில்தான் வேலை பார்த்தான். சுற்றுலா வருகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு படகைத் தங்களுக்கென்று மொத்தமாகப் பேசிக்கொள்வார்கள், ஆமைகள் இருக்கிற பாறையைப் பார்ப்பார்கள், ஆளில்லாத குட்டித்தீவில் சாப்பிடுவார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குக் கயிறு பிடிப்பதும் துண்டு கொடுப்பதும் அன்னாசிப்பழம் நறுக்குவதும் கஸ்பாரின் வேலை. அவன் போனபோது எமரன்சிக்கு வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளை பெனிட்டா இப்போது வாசலில் ஓடுகிற கோழியை அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், அப்பா என்றால் அவளுக்கு ஒரு போன், அந்தப் போனில் ஒரு நெற்றியும் பாதி மூக்கும். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்பா என்றால் அதுதான், ஆகையால் நாங்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எமரன்சி கொஞ்சம் அவசரக்காரி. ஏங்கினால் மற்றவர்களைப் போல மெலிந்துபோக அவளுக்குத் தெரியாது, ஏதாவது செய்தாக வேண்டும்.

ஒருநாள் கஸ்பாரின் தங்கை ஜெனோவா தன் போனில் அந்தப் படகுக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து மைனியிடம் காட்டினாள். கஸ்பார் கிளிப்படம் போட்ட பனியனோடு ஒரு தட்டை ஏந்திக்கொண்டு படகின் முனையில் நின்றான், படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. ஜெனோவா அதைப் படித்துச் சொன்னாள்: படகு உங்களுக்கு மட்டுமே, நீங்கள் இருக்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொள்வோம்.

"அப்பம் புக் பண்ணு" என்றாள் எமரன்சி.

"ஐயோ மைனி, இருக்கிற இடம்னா அந்தத் தீவுல நாம தங்கியிருக்கிற ஓட்டல்."

"அப்படி எங்க போட்டிருக்கு?"

ஜெனோவா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்படி எங்கேயும் போடவில்லை. எமரன்சி அன்றைக்கே தன் கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, அந்தப் பருவத்தின் கடைசிப் பயணத்தைப் பேசினாள். அதற்குப் பிறகு அங்கே புயல் காலம், மாதக்கணக்கில் படகு ஓடாது, படகுகளைக் கரையேற்றிக் கட்டிவைத்துக் காவல் இருப்பார்கள். எங்கிருந்து ஏற வேண்டும் என்று கேட்ட இடத்தில் ஜெனோவா 'தாழைமுனைப் பாலம்' என்று போட்டாள். எங்கள் கரையில் படகணையும் கட்டைப் பாலத்துக்கு அதுதான் பெயர். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.

எங்கள் கரையில் படகில் ஏறுகிற தலைகளை எண்ணுவதில்லை. கூடையை எண்ணலாம், வலையை எண்ணலாம், ஆட்களை எண்ணினால் கடலும் எண்ணத் தொடங்கிவிடும், பிறகு அதற்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டி வரும். கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டால் "போனவங்க போயிருக்காங்க" என்றுதான் பதில் சொல்வோம். அந்தக் கட்டமோ காலியாக விட்டால் மேலே நகர மாட்டேன் என்றது.

"ரெண்டுன்னு போடட்டுமா மைனி? திரும்பும்போது அண்ணனும் வருவான்லா?"

எமரன்சி அவள் வாயைப் பொத்தினாள். "எண்ணாதட்டி! ஒண்ணுன்னு போடு. ஒண்ணுங்கது எண்ணினதாகாது, அது சும்ம இருக்கது."

அப்படித்தான் ஒன்று என்று போனது. பதில் உடனே வந்தது: மகிழ்ச்சி, காலை எட்டு மணிக்குத் தாழைமுனைப் பாலத்தில் தயாராக இருக்கவும், தொப்பி கொண்டு வரவும். ஜெனோவா அதை மூன்று தெருவுக்கும் வாசித்துக் காட்டினாள்.

அதன்பிறகு ஊர் தூங்கவில்லை என்று சொல்லலாம். ஊர்த்தலைவர் மச்சாது பெரிய கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார், அந்தப் படகுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும், பாலத்தின் வடக்கே பாறை இருக்கிறதே, தெற்கே அணைக்கச் சொல்லி அவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. வெளியூர்ப் படகு நம் துறையில் அணைந்தால் மாதா திருவிழாவுக்கு ஒரு பங்கு வைக்க வேண்டும், அது வழக்கம், கரீபியனுக்கு மட்டும் விதிவிலக்கா என்று ஒருவர் எழுந்தார். பெண்பிள்ளை படகில் ஏறலாமா என்று இன்னொருவர் எழுந்தார், ஏனென்றால் எங்கள் கரையில் பெண்கள் படகை இழுத்துக் கரையேற்றக் கயிறு பிடிப்போம், மீனை எடுப்போம், விற்போம், திட்டுவோம், ஆனால் படகுக்குள் கால் வைப்பதில்லை. எமரன்சியும் அதுவரை வைத்ததில்லை. மச்சாது நிறைய நேரம் மீசையைத் தடவிவிட்டு, அந்தப் படகில் வலை கிடையாது, வலை இல்லாதது படகே கிடையாது, அது தண்ணீரில் ஓடுகிற கார், காரில் பெண்கள் ஏறலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல்யாண அறிவிப்புகளை வாசித்த கையோடு, வருகிற படகின் பாதுகாப்பான பயணத்துக்காகவும் என்று ஒரு மன்றாட்டையும் சேர்த்துக்கொண்டார். கடலோரக் காவல்காரர் ஒருவர் பைக்கில் வந்து விசாரித்தார், யார் வருகிறார்கள் என்று கேட்டார், எங்க மாப்பிள்ளை வேலை பார்க்கிற படகு என்றோம், சரி பத்திரம் என்று சொல்லி மக்ரூன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாங்கள், கடல்தாண்டிப் புருஷன்மாரை அனுப்பியிருக்கிற பெண்கள், ஆளுக்கொரு பொட்டலம் கட்டினோம். கருவாடு, மிளகாய்த்தூள், முறுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படம். எங்கள் புருஷன்மார் அந்தத் தீவில் இல்லை, ஒருவர் துபாய்ப் பக்கம், ஒருவர் நார்வே எண்ணெய்க் கப்பலில், ஒருவர் எங்கே என்று அவருடைய வீட்டுக்கே தெரியாது. இருந்தாலும் தண்ணீர் தண்ணீரோடு ஒட்டித்தானே இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிவிட மாட்டார்களா என்று ஓர் ஆசை. எமரன்சி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டாள். எங்களில் யாரையும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பெனிட்டாவை அழைத்துப் போகலையா என்று கேட்டோம். "அவ எதுக்கு? அவ அப்பாவ இங்கயே கொண்டாந்து காட்டுதேன்" என்றாள். பிறகு குனிந்து, பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "சாயங்காலம் அம்மா அப்பாவக் கூட்டிட்டு வருவேன், நீ அத்தைகூடச் சண்ட போடாம இருக்கணும்" என்றாள். அவள் அந்தப் பயணத்தைப் பேசியதே அதற்குத்தான். போய் அவனோடு ஒரு நாள் இருக்க இல்லை, அவனைக் கொண்டுவர.

படகு வந்தது. அங்கே அப்போது ராத்திரி என்று ஜெனோவா சொல்லிக்கொண்டிருந்தாள், படகுக்கு அதெல்லாம் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று, மேலே நீலத் துணிப்பந்தலும் பின்னால் இரட்டை எஞ்சினுமாக, கிழக்கே இருந்து வெயிலோடு சேர்ந்து வந்து, யாரும் சொல்லாமலே பாலத்தின் தெற்கே அணைந்தது. டெஸ்மண்ட் என்கிற கேப்டன், தேக்குக் கதவு மாதிரி அகலமான கறுத்த மனிதர், தொப்பியைக் கழற்றி ஊருக்கு வணக்கம் வைத்தார். ஏழரைக்குப் புறப்பட்டோம் என்றார். அரை மணி நேரமா என்று எங்கள் ஆண்கள் வாயைப் பிளந்தார்கள், பிறகு எஞ்சின் எத்தனை குதிரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியானால் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

முனையில் கயிற்றைப் பிடித்தபடி கஸ்பார் நின்றான். கறுத்திருந்தான், பக்கவாட்டில் நரைத்திருந்தான். எமரன்சி கை நீட்டியதும் அவன் அந்தக் கையைப் பிடித்து ஏற்றி, "வெல்கம் மேடம்" என்றான். வாய் பழகிவிட்டிருந்தது. கரையில் எல்லாரும் சிரித்தார்கள். எமரன்சி சிரிக்கவில்லை, அவன் கையைப் பிடித்த பிடியை விடவும் இல்லை.

"எறங்குல கஸ்பாரு, ஒன் பிள்ளையப் பாரு" என்று மச்சாது கத்தினார். கஸ்பார் இறங்கத்தான் பார்த்தான். அவன் ஒரு காலை வெளியே வைத்தால் படகு ஒரு கால் தூரம் விலகியது, காலை எடுத்தால் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை அப்படி ஆனதும் கேப்டன் வருத்தத்தோடு ஏதோ சொன்னார், கஸ்பார் அதை எங்களுக்குச் சொன்னான்: விருந்தாளியைத்தான் படகு இறக்கும், வேலையாள் படகைச் சேர்ந்தவன். பெனிட்டா ஜெனோவாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தாள். போனில் தெரியாத காதுகளைத்தான் பார்த்திருப்பாள். "சாயங்காலம்" என்று எமரன்சி அவளுக்குக் கை காட்டினாள், படகு போய்விட்டது.

அங்கே நடந்ததைக் கஸ்பார் பிறகு மழைக்காலம் முழுக்க, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

தண்ணீர் சொட்டு நீலம் கலந்த வாளி மாதிரி இருந்ததாம். ஆமைகள் வந்து எட்டிப் பார்த்தனவாம், எமரன்சி அவற்றுக்கு முறுக்கு போட்டாளாம். ஆளில்லாத தீவில் கேப்டன் ஒரு தென்னைக்கடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார், அவர் நல்ல மனிதர், பார்க்காமல் இருப்பதற்காகவே தூங்கினார். கஸ்பார் மணலில் குடை நட்டான், மெத்தை விரித்தான், பழம் நறுக்கினான், துண்டை மடித்து வைத்தான், வைத்துவிட்டு எட்டிப்போய் நின்றான்.

"உக்காருங்க" என்றாள் எமரன்சி.

"உக்காரக் கூடாது."

"நாந்தான காசு குடுத்திருக்கேன்?"

"அதான் உக்காரக் கூடாது."

அவன் உட்காரப் போனான், முழங்கால் மடங்கவில்லை. அந்தப் பனியன் உடம்பில் இருக்கும்வரை விருந்தாளிக்கு முன்னால் அது மடங்காது. எமரன்சி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உருட்டி உருட்டிக் கொடுத்தாள், சாளைமீன் குழம்பு, அவன் நின்றுகொண்டே குனிந்து குனிந்து வாங்கித் தின்றான், தின்னும்போது அழுதான். அழுதுகொண்டே, "எல்லாம் வசதியா இருக்கா?" என்று கேட்டான், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான்கு வருடமாக அவனைத் தொட வேண்டும் என்று கிடந்தவள் இப்போது தொடுகிற தூரத்தில் இருந்தாள், இப்போதுதான் அவளுக்கு அவன் முன்னைவிட அதிகமாக இல்லாமல் போனான்.

"சாயங்காலம் ஏங்கூட வாரிய" என்றாள்.

அவன் பந்தலுக்கடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். விருந்தாளி ஒன்று. ஏற்றுவது ஒன்று, இறக்குவது ஒன்று. இரண்டு என்று போட்டிருந்தால் அவனை விருந்தாளியாக உட்காரவைத்துக் கொண்டு போயிருக்கலாம். எமரன்சி கடலைப் பார்த்தாள், எண்ணாதே என்று ஜெனோவாவின் வாயைப் பொத்திய தன் கையைப் பார்த்தாள், அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பம் லீவு போட்டு வாங்க. புயல் காலத்துல வேலையில்லைல்லா?"

காவல் இருக்க வேண்டும் என்றான். பிறகு அது பொய் என்றான். இரண்டு முறை லீவு கொடுத்தார்கள், இரண்டு முறையும் நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன் என்றான்.

"ஏன்?"

"நீங்க எல்லாரும் என்னய நெனச்சு நெனச்சு அங்க ஒரு ஆள செஞ்சு வச்சிருப்பிய. அவன் நல்லவனா இருப்பான். நான் வந்து எறங்கி, அவன் நான் இல்லன்னு ஆயிட்டா? பிள்ள என்னயப் பாத்து யாருன்னு கேட்டா?"

எமரன்சிக்குக் கோபம் வந்தது. எங்களுக்கும் அதைக் கேட்டபோது வந்தது, ஏனென்றால் எங்கள் புருஷன்மாரும் இதைத்தான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் கத்தவில்லை. "ஒங்களுக்குக் காத்திருக்கத் தெரியல. காக்க வைக்க மட்டுந்தான் தெரியுது" என்றாள். பிறகு எழுந்துபோய்க் கழுத்தளவு தண்ணீரில் முங்கிவிட்டு வந்து, சேலையெல்லாம் நனைஞ்சிட்டு, குளிருது, அந்தப் பனியனக் கழத்திக் குடுங்க என்றாள்.

அவன் கொடுத்தான். விருந்தாளி கேட்டதைக் கொடுப்பதுதான் அவனுக்குத் தெரியும். அவள் நனைந்த சேலைக்கு மேலேயே கிளிப் பனியனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் உக்காருங்க என்றாள், அவன் முழங்கால் மடங்கியது. மெத்தையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது அப்படியே சாய்ந்தது, சாய்ந்தது அப்படியே தூங்கிவிட்டது. நான்கு வருட நிற்பு அது, லேசில் எழுந்திருக்கிற தூக்கமா?

அவன் தூங்கிய பிறகு நடந்தது எமரன்சி பின்னால் போனில் சொன்னது. கேப்டன் தொப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். தூங்குகிறவனைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார். எமரன்சிக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு அவள் பாஷை தெரியாது. அவர் குனிந்து நங்கூரக் கயிற்றை எடுத்து அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாகக் கஸ்பாரை மெத்தையோடு தூக்கிப் பந்தலுக்கடியில் கிடத்தினார்கள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் படகு தாழைமுனையைப் பார்த்து வந்தது. ஊர் முழுக்கப் பாலத்தில் இருந்தது. முனையில் கயிற்றோடு நிற்பது எமரன்சி என்று முதலில் கண்டது ஜெனோவாதான், பனியன் அவள் முழங்கால்வரை தொங்கியது, காற்றில் முடி பறந்தது, அவள் இரண்டு காலையும் அகட்டி, விழாமல், எதையும் பிடிக்காமல் நின்றாள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்த முகம் அன்றைக்குக் கடலிலிருந்து எங்களைப் பார்த்தது. அந்த முகத்தில் அழுகை இருந்தது. அதோடு வேறு ஒன்றும் இருந்தது, எங்கள் ஆண்கள் கரையிலிருந்து கிளம்பும்போது அவர்கள் முகத்தில் நாங்கள் பார்த்து எரிச்சல்படுகிற ஒன்று.

கோயில் மணிச் சத்தத்தில்தான் கஸ்பாருக்கு விழிப்பு வந்தது. பதறி எழுந்தான். "பனியனக் கழத்து எமரன்சி, சொன்னாக் கேளு" என்று கெஞ்சினான். அவள் படகை அணைத்து, கயிற்றை எறிந்து, அவனுக்குக் கை கொடுத்தாள். படகு விலகவில்லை. விருந்தாளியை அது பூ மாதிரி இறக்கிவிட்டது. கஸ்பாரின் கால் பாலத்துக் கட்டையில் பட்டதும் அவன் திரும்பி ஏறப் பார்த்தான், அதற்குள் ஒரு கால் தூரம் விலகிவிட்டது.

"பெனி" என்று அவள் கூப்பிட்டாள். பிள்ளை முன்னால் வந்தாள். "சொன்னபடி கூட்டிட்டு வந்துட்டேன் பாத்தியா? இவியதான். கொஞ்சம் பயந்த சுபாவம், நீதான் பாத்துக்கிடணும்." கஸ்பாரிடம், "அங்க புயல் ஓஞ்சதும் மொத படக நீங்க பேசுங்க. ரெண்டு பேருன்னு போட்டுட்டு ஒத்த ஆளா வாங்க. எண்ணுத பாவத்த நான் ஏத்துக்கிடுதேன்" என்றாள்.

நாங்கள் அவளைத் திட்டினோம், அழுதோம், இறங்கு இறங்கு என்று கத்தினோம், மச்சாது தண்ணீரில் குதித்தே விட்டார். காலையில் நாங்கள் கொடுத்துவிட்ட அரிசிச் சாக்கு அவள் காலடியில் அப்படியே இருந்தது. "நான் அங்க விசாரிச்சு அனுப்புதேன்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். படகு, வந்தபோது எப்படி யாரையும் ஆச்சரியப்படுத்தாமல் வந்ததோ அப்படியே போனது. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை, முன்னால் பாறை இருக்கிறதா என்று பார்ப்பது முனையில் நிற்கிறவரின் வேலை.

ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பெண்கள் நாங்கள் பாலத்திலேயே வரிசையாக உட்கார்ந்தோம். கஸ்பார் பாலத்தின் விளிம்பிலேயே, சட்டையில்லாத உடம்போடு நின்றான். பெனிட்டா அவனைச் சுற்றி ஒரு வட்டம் வந்து பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. அந்தப் பயம் தீர்ந்து அவன் முகம் இளகியது, மண்டியிட்டு உட்கார்ந்தான், முழங்கால் நன்றாகவே மடங்கியது. அவள் அவன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா எப்பம் வருவாங்க?"

"இந்தச் சீசன் முடிஞ்ச ஒடனே வந்துருவாங்க" என்றான் கஸ்பார்.

சொல்லிவிட்டு, அதை யார் சொன்னது என்று தேடுகிறவன் போல எங்களைப் பார்த்தான். நான்கு வருடமாக ஒவ்வொரு போனிலும் அவன் சொன்ன பதில் அது, இந்தக் கரையில் நின்று அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எங்களுக்கு அந்தப் பதில் மனப்பாடம், அது எவ்வளவு நீளம் என்பதும் தெரியும். கொஞ்சம் நகர்ந்து, எங்கள் வரிசையில் அவனுக்கும் பிள்ளைக்கும் இடம் விட்டோம், அவன் வந்து உட்கார்ந்து கடலைப் பார்க்கத் தொடங்கினான்.